மறுமுனையில் யார்? ஸ்பானிங் ட்ரீ எழுத உட்காருகிறவர்களுக்குப் பன்னிரண்டு அறிவுரைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ, ஆவடி, திருமுல்லைவாயல் பக்கத்துப் பட்டறைகளிலோ, பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரத்துக் கல்லூரி, மருத்துவமனை, கிடங்குகளிலோ நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். இந்தப் பகுதி நெட்வொர்க்குகளுக்கு ஒரு குணம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை திட்டம் போட்டுக் கட்டியவை அல்ல, தானாக வளர்ந்தவை. 1964-ல் தொடங்கிய பேட்டை இது. ஒரு ஷெட்டில் ஆரம்பித்த கம்பெனி பக்கத்து ஷெட்டை வாடகைக்கு எடுக்கும், மேலே மாடி போடும், எதிர்த்த சாலையில் ஸ்டோர்ஸ் வைக்கும். ஒவ்வொரு தடவையும் ஒரு சுவிட்ச் கூடும், ஒரு கேபிள் கூடும். "ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும்" என்று யாரோ இரண்டாவது கேபிளும் இழுத்து வைத்துவிட்டுப் போயிருப்பார்.

அந்த இரண்டாவது கேபிளால்தான் நமக்கு வேலை. ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதில் ஒன்று குறையும், பூஜ்யம் ஆனதும் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஈத்தர்நெட் ஃப்ரேமுக்கு அந்தக் கணக்கே கிடையாது. சுவிட்சுகளுக்கு நடுவே லூப் விழுந்தால் ஒரே ஒரு பிராட்காஸ்ட் நிற்காமல் சுற்றும். லூப் ஒன்றுக்கு மேல் இருந்தால் சுற்றச் சுற்றப் பெருகும். ஒரு ஜிகாபிட் இணைப்பில் மிகச் சிறிய ஃப்ரேம்கள் நொடிக்கு சுமார் 14.88 லட்சம் ஓட முடியும். அந்த இடம் முழுக்கக் குப்பை நிரம்பிவிட்டால் உங்கள் பில்லிங் சாஃப்ட்வேர் எங்கே போகும்?

இதற்கு 1985-ல் வழி கண்டவர் ரேடியா பெர்ல்மன். அப்போது அவர் டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷனில் இருந்தார். 1990-ல் அந்த ஸ்பானிங் ட்ரீ முறை ஐஇஇஇ 802.1டி என்ற தரமானது. சுவிட்சுகள் இரண்டு நொடிக்கு ஒரு தடவை பிபிடியு என்ற சின்னச் செய்தியை அனுப்பிக்கொள்ளும். தங்களில் ஒன்றை ரூட்டாக ஏற்றுக்கொள்ளும். ரூட்டுக்குப் போக ஆளுக்கு ஒரு பாதையை வைத்துக்கொண்டு மிச்சத்தை மூடிவைக்கும். ஓடுகிற பாதை அறுந்தால் மூடியது திறக்கும்.

கமாண்டுகளை யாரும் ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். அது பெரிய விஷயமல்ல. ஒரு போர்ட்டில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் "இந்தக் கேபிளின் மறுமுனையில் யார்?" என்ற கேள்விக்கு நீங்கள் தரும் பதில். பதில் தெரியாமல் எழுதாதீர்கள். கீழே வரும் பன்னிரண்டும் இதிலிருந்து பிறந்தவைதான். நம் பக்கம் சிஸ்கோ அதிகம் என்பதால் அதன் பெயர்களையே சொல்கிறேன். மற்ற கம்பெனிகளிலும் விஷயம் ஏறக்குறைய இதுவே.

1. ரூட் யார் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

எதையும் தொடுவதற்கு முன் "ஷோ ஸ்பானிங்-ட்ரீ" அடித்து ஒவ்வொரு விலானுக்கும் ரூட் யார் என்று பாருங்கள். யாரும் எதுவும் எழுதாத நெட்வொர்க்கில் எல்லா சுவிட்சின் ப்ரையாரிட்டியும் 32768-ஆகவே இருக்கும். சமமாக இருந்தால் மேக் முகவரி சிறியதாக உள்ள சுவிட்ச் ஜெயிக்கும். ஒரே கம்பெனித் தயாரிப்பில் மேக் எண் சிறியது என்றால் பெரும்பாலும் பழைய பெட்டி என்று அர்த்தம். கல்யாண வீட்டில் பொறுப்பு யாருக்கு என்று பேசிவைக்காவிட்டால், காது கேட்காத பெரியப்பாவிடம் எல்லோரும் வந்து கேட்பார்கள். அந்தக் கதைதான் இது. ஸ்டோர்ஸ் ஓரத்தில் தூசி படிந்து கிடக்கும் பழைய 100 மெகாபிட் சுவிட்ச் ரூட் ஆகியிருக்கும். சர்வர் அறையின் இரண்டு பெரிய சுவிட்சுகளுக்கு நடுவே உள்ள வேகமான இணைப்பு மூடிக் கிடக்கும். போக்குவரத்தெல்லாம் ஸ்டோர்ஸைச் சுற்றிக்கொண்டு போகும்.

நடு சுவிட்சுக்கு 4096, அது போனால் பொறுப்பு எடுக்க வேண்டியதற்கு 8192 என்று கையால் எழுதுங்கள். எண் குறைந்தால் மரியாதை அதிகம். 4096-ன் மடங்குகளாகத்தான் எழுத முடியும். விலான் எண்ணும் அதோடு கூட்டப்படும் என்பதால் விலான் 10-ல் 32778 என்று தெரிந்தால் பதற வேண்டாம். "ரூட் ப்ரைமரி" என்ற சுருக்க வழியும் உண்டு. ஆனால் அது அடிக்கிற நேரத்து நிலவரத்தை வைத்து ஒரு தடவை கணக்குப் போடும், அவ்வளவே. நாளைக்கு இன்னும் சிறிய எண்ணோடு வேறொருவர் வந்தால் தடுக்காது. எண்ணை நேராக எழுதுவதே நல்லது.

2. கேபிளை நடந்து பாருங்கள், பிறகு போர்ட்டுகளை நாலாகப் பிரியுங்கள்.

ஒவ்வொரு போர்ட்டின் மறுமுனையில் இருப்பதும் நாலில் ஒன்றாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டர், பிரின்டர், கேமரா போன்ற கடைசிக் கருவி. ரூட்டுக்குப் போகும் மேல் சுவிட்ச். நமக்குக் கீழே உள்ள சுவிட்ச். அல்லது நம் கையில் இல்லாத அடுத்தவர் நெட்வொர்க். இந்த நாலையும் ஒரு தாளில் எழுதாமல் கன்சோல் கேபிளை எடுக்காதீர்கள்.

பக்கத்துக் கருவி யார் என்று சிடிபி, எல்எல்டிபி சொல்வதைக் கேளுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். மேக் டேபிளையும் பாருங்கள். ஒரு போர்ட்டில் ஒரு மேக் இருந்தால் கம்ப்யூட்டர், இரண்டு இருந்தால் ஐபி போனும் அதன் பின்னால் கம்ப்யூட்டரும். பன்னிரண்டு இருந்தால்? யாரோ மேஜைக்கு அடியில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய எட்டு போர்ட் டப்பா சுவிட்சை வைத்திருக்கிறார்கள், அதற்குப் பின்னால் இன்னொன்றும் இருக்கிறது என்று அர்த்தம். எழுந்து போய்ப் பாருங்கள். பார்த்ததை அந்தப் போர்ட்டின் "டிஸ்கிரிப்ஷன்" வரியில் எழுதிவையுங்கள்.

3. கடைசிக் கருவிக்கு போர்ட்ஃபாஸ்ட் கொடுங்கள். அங்கே மட்டும் கொடுங்கள்.

பழைய முறையில் ஒரு போர்ட் உயிர்பெற்றால் 15 நொடி கேட்டுக்கொண்டிருக்கும், 15 நொடி மேக் முகவரிகளைக் கற்றுக்கொள்ளும், அப்புறம்தான் வழிவிடும். இந்த 30 நொடிக்குள் கம்ப்யூட்டர் டிஎச்சிபி-யிடம் முகவரி கேட்டு அலுத்து, 169.254 என்று தொடங்கும் முகவரியைத் தானே போட்டுக்கொள்ளும். காலை ஷிஃப்டில் "நெட் வரவில்லை" என்று வரும் போன்களில் இது ஒரு ரகம். போர்ட்ஃபாஸ்ட் போட்டால் காத்திருப்பு இல்லை.

"ரேபிட் ஸ்பானிங் ட்ரீ போட்டுவிட்டோமே, போர்ட்ஃபாஸ்ட் எதற்கு?" என்று புதியவர்கள் கேட்பார்கள். அறிவுரை 9-ல் வரும் ரேபிட் முறையின் வேகம் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதால் வருகிறது. ஒரு சுவிட்ச் "நான் திறக்கட்டுமா?" என்று கேட்கும், எதிர் சுவிட்ச் "சரி" என்று சொல்லும். கம்ப்யூட்டருக்கு அந்தப் பேச்சு தெரியாது. அது சரி சொல்லாது, அதனால் போர்ட் பழையபடி 30 நொடி காத்திருக்கும். இன்னொன்றும் உண்டு. மேல் இணைப்பு மாறி அங்கிருந்து அந்தக் கேள்வி வரும்போது, சுவிட்ச் "சரி" சொல்வதற்கு முன் போர்ட்ஃபாஸ்ட் இல்லாத கீழ்ப் போர்ட்டுகளை எல்லாம் ஒரு தடவை மூடும். ஒரு ஃபைபர் மாறியதற்கு ஒரு மாடியே அரை நிமிடம் நின்றுபோவது இப்படித்தான்.

போர்ட்ஃபாஸ்ட் இல்லாத போர்ட்டில் ஒரு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாலும் "அமைப்பு மாறியது" என்ற செய்தி நெட்வொர்க் முழுக்கப் போகும். சுவிட்சுகள் கற்ற மேக் முகவரிகளைச் சீக்கிரமே மறந்து எல்லாப் பக்கமும் இறைக்க ஆரம்பிக்கும். கடைசிக் கருவி எல்லாவற்றுக்கும் போர்ட்ஃபாஸ்ட் போடுங்கள். ஆக்சஸ் பாயின்ட்டும் விர்ச்சுவல் மெஷின் ஓடும் சர்வரும் ட்ரங்க்கில் இருந்தால் "போர்ட்ஃபாஸ்ட் ட்ரங்க்" என்று தனியாகச் சொல்ல வேண்டும்.

4. போர்ட்ஃபாஸ்ட் போட்ட கையோடு பிபிடியு கார்டும் போடுங்கள்.

போர்ட்ஃபாஸ்ட் என்பது "இங்கே சுவிட்ச் வராது" என்று நீங்கள் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை மீறி யாராவது சுவிட்ச் செருகினால் போர்ட்டை மூடுவது பிபிடியு கார்ட். ஒன்றை விட்டு மற்றொன்றைப் போடுவது அரைகுறை வேலை.

லூப் எப்படி விழுகிறது என்று நம் ஊர் நிலவரத்தைச் சொல்கிறேன். ஐபி போனின் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும், ஒன்று சுவிட்சுக்கு, ஒன்று கம்ப்யூட்டருக்கு. மேஜையை நகர்த்தியவர் இரண்டையும் சுவரில் உள்ள இரண்டு சாக்கெட்டில் செருகிவிடுவார். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் இன்னும் மோசம். கம்ப்யூட்டரைத் துடைத்து, கேபிளைச் சுருட்டி, பொட்டு வைத்து, பொரி கடலை கொடுத்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். திரும்பி வந்ததும் தரையில் கிடக்கும் கேபிள் முனையை "எங்கிருந்தோ கழன்றுவிட்டது" என்று நல்லெண்ணத்தில் டப்பா சுவிட்சின் காலிப் போர்ட்டில் செருகுவார்கள். அதன் இன்னொரு முனையும் அதே டப்பாவில்தான் இருக்கும்.

பிபிடியு கார்ட் இருந்தால் நாம் அனுப்பிய பிபிடியு டப்பாவைச் சுற்றி நம்மிடமே திரும்பி வரும், அந்த ஒரு போர்ட் மட்டும் மூடும். சில மலிவு டப்பாக்கள் பிபிடியுவை விழுங்கிவிடும், திருப்பித் தராது. அதற்காக அதே போர்ட்டில் ஸ்டார்ம் கன்ட்ரோலும் போட்டு பிராட்காஸ்ட்டுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆலை திறக்கும் காலையில் நீங்கள் அரை மணி முன்னதாக வாருங்கள்.

5. மூடிய போர்ட்டை உட்கார்ந்த இடத்திலிருந்து திறக்காதீர்கள்.

"எர்ர்-டிஸேபிள்டு" என்று காட்டினால் சுவிட்ச் உங்களிடம் ஒரு தகவல் சொல்கிறது. "ஷட், நோ ஷட்" அடித்துத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். அந்த மேஜைக்குப் போய் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள், எடுங்கள், பிறகு திறங்கள்.

தானாகத் திறக்கும் ஏற்பாடும் உண்டு, இயல்பாக 300 நொடி. பிபிடியு கார்ட் மூடிய போர்ட்டுக்கு அதைப் போட வேண்டாம் என்பது என் கட்சி. லூப் அங்கேயே இருக்கும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை போர்ட் திறந்து மூடும். மூடியே இருந்திருந்தால் யாராவது கூப்பிட்டிருப்பார்கள், காரணமும் கண்டுபிடித்திருக்கலாம். இப்படித் திறந்து மூடினால் "எப்பவாவது விட்டுவிட்டு வருகிறது" என்றே நாள் ஓடிவிடும். இரவு ஷிஃப்டில் ஆள் இல்லாத தொலைதூரக் கிடங்கு மட்டும் விதிவிலக்கு. அங்கே தானாகத் திறக்க விட்டு, லாக் செய்தியை உங்களுக்கு வரும்படி வையுங்கள்.

யார் செருகினார் என்று தேடிச் சத்தம் போடாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த தடவை உங்களிடம் சொல்லமாட்டார், தானே வேறு போர்ட்டில் செருகிப் பார்ப்பார்.

6. பிபிடியு ஃபில்டரைக் கண்டால் ஒதுங்கிப் போங்கள்.

பெயர் பார்த்தால் கார்டுக்குத் தம்பி போலத் தெரியும். செய்வது நேர் எதிர். ஒரு போர்ட்டின் மேல் நேரடியாக ஃபில்டர் எழுதினால் அது பிபிடியு அனுப்பாது, வந்ததையும் பார்க்காது. அந்தப் போர்ட்டில் ஸ்பானிங் ட்ரீயை அணைத்தது போலத்தான். கார்டும் ஃபில்டரும் ஒரே போர்ட்டில் இருந்தால் ஃபில்டர்தான் ஜெயிக்கும், கார்ட் கண்ணுக்கு எதுவும் படாது.

சுவிட்ச் முழுமைக்கும் பொதுவாக எழுதும் ஃபில்டர் கொஞ்சம் சாது. போர்ட்ஃபாஸ்ட் போர்ட்டுகளில் மட்டும் வேலை செய்யும், பிபிடியு வந்தால் அந்தப் போர்ட் போர்ட்ஃபாஸ்ட்டை இழந்து சாதாரணப் போர்ட்டாகிவிடும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரை இரண்டையும் தொடாதீர்கள். ஃபில்டருக்கு நியாயமான இடம் ஒன்றுதான். அறிவுரை 2-ல் சொன்ன நாலாவது ரகம், அதாவது அடுத்தவர் நெட்வொர்க்குக்கு நிச்சயமாக ஒரே ஒரு கேபிள் மட்டும் போகும் இடம். பழைய கான்ஃபிகில் வேறெங்கே ஃபில்டர் இருந்தாலும், ஏதோ ஒரு நாள் ஒரு போர்ட் மூடிமூடித் தொல்லை கொடுக்க, யாரோ வாயை அடைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று சந்தேகப்படுங்கள்.

7. கீழ் நோக்கிய போர்ட்டுக்கு ரூட் கார்ட், மேல் நோக்கிய போர்ட்டுக்கு லூப் கார்ட்.

கீழே உள்ள சுவிட்சிலிருந்து "நான்தான் ரூட்" என்று செய்தி வரக் கூடாது. நடு சுவிட்சில் கீழ் நோக்கிப் போகும் போர்ட்டுகளில் ரூட் கார்ட் போட்டால், அப்படி வந்த உடன் அந்தப் போர்ட்டை நிறுத்திவைக்கும். செய்தி நின்றதும் தானே திறக்கும், நீங்கள் ஓட வேண்டாம்.

லூப் கார்டின் தேவை வேறு. மூடிவைத்த போர்ட் மூடியே இருப்பதற்குக் காரணம் எதிர்ப்பக்கத்திலிருந்து பிபிடியு வந்துகொண்டிருப்பதுதான். வருவது நின்றால் "பாதை காலி" என்று நினைத்துத் திறந்துவிடும். பழைய முறையில் 20 நொடி பொறுக்கும், ரேபிட்டில் மூன்று ஹலோ, அதாவது 6 நொடி. ஷெட்டுக்கு ஷெட் போகும் ஃபைபரில் இரண்டு இழை. எலி கடித்தோ, ஃபோர்க்லிஃப்ட் இடித்தோ ஓர் இழை மட்டும் போனால் ஒரு பக்கம் பேச்சு நிற்கும், மறுபக்கம் தரவு போய்க்கொண்டேயிருக்கும். நடுவில் மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் சுவிட்சின் விளக்கு எரிந்துகொண்டே இருக்கவும் கூடும். லூப் கார்ட் அந்தப் போர்ட்டைத் திறக்க விடாமல் பிடித்துக்கொள்ளும். இரு முனையும் ஆதரித்தால், இப்படி ஒரு பக்கம் மட்டும் பேச்சு நின்றதைக் கண்டுபிடிக்கும் யுடிஎல்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரூட் கார்டும் லூப் கார்டும் ஒரே போர்ட்டில் சேர்ந்து இருக்காது. எந்தப் பக்கம் மேல், எந்தப் பக்கம் கீழ் என்று தாளில் எழுதச் சொன்னேனே, அது இதற்குத்தான்.

8. இரண்டு கேபிள் இழுத்திருந்தால் இரண்டையும் வேலை வாங்குங்கள்.

ஒரே இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே இரண்டு கேபிள் இருந்தால் ஸ்பானிங் ட்ரீ ஒன்றை மூடத்தான் செய்யும். எல்ஏசிபி வைத்து இரண்டையும் ஒரே இணைப்பாகக் கட்டினால் ஸ்பானிங் ட்ரீ அதை ஒரு போர்ட்டாகப் பார்க்கும், இரண்டும் ஓடும். கட்டும்போது "ஆன்" என்று எழுதாமல் இரு பக்கமும் "ஆக்டிவ்" என்று எழுதுங்கள். ஒரு பக்கம் "ஆன்" போட்டு மறுபக்கம் ஒன்றும் எழுதாமல் கேபிளைச் செருகினால் லூப்பை நீங்களே செய்த மாதிரி.

வேறு வேறு வழியில் போகும் கேபிள்களில் எது ஓட வேண்டும் என்பதை "காஸ்ட்" மூலம் சொல்லலாம். பழைய கணக்கில் 100 மெகாபிட்டுக்கு 19, ஒரு ஜிகாபிட்டுக்கு 4, 10 ஜிகாபிட்டுக்கு 2. புதிய நீண்ட கணக்கில் அவையே 200000, 20000, 2000. பாதி சுவிட்சுகள் ஒரு கணக்கிலும் மீதி இன்னொன்றிலும் இருந்தால் பாதைத் தேர்வு கோணலாகும். எல்லாவற்றையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவந்த பிறகு காஸ்ட்டில் கை வையுங்கள்.

9. ரேபிட்டுக்கு மாறுங்கள், பல பிராண்டுகள் இருந்தால் எம்எஸ்டிபி-யை யோசியுங்கள்.

பழைய ஸ்பானிங் ட்ரீ ஒரு பாதை அறுந்து இன்னொன்றைத் திறக்க 30 முதல் 50 நொடி எடுக்கும். 802.1டபிள்யு என்ற ரேபிட் முறை 2001-ல் வந்தது, 2004-ல் 802.1டி தரத்திலேயே பழையதற்குப் பதிலாக அமர்ந்தது. இன்னும் பழைய முறையில் ஓடும் சுவிட்சைப் பார்த்தால் காரணம் கேளுங்கள். பெரும்பாலும் "யாரும் மாற்றவில்லை" என்பதே பதிலாக இருக்கும். ரேபிட் போட்ட பிறகும் வேகம் வராவிட்டால் சுவிட்ச்-சுவிட்ச் போர்ட்டுகளின் டூப்ளெக்ஸைப் பாருங்கள். ஹாஃப் டூப்ளெக்ஸில் விழுந்த இணைப்பைப் பலர் பகிரும் கேபிள் என்று நினைத்துச் சுவிட்ச் பழைய நிதானத்துக்குப் போய்விடும்.

சிஸ்கோவின் முறை விலானுக்கு ஒரு மரம். மற்ற பிராண்டின் தர முறை எல்லாவற்றுக்கும் ஒரே மரம். இரண்டும் விலான் 1 வழியாகத்தான் பேசிக்கொள்ளும். அது தெரியாமல் ட்ரங்க்கிலிருந்து விலான் 1-ஐ எடுத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு. கலப்பு நெட்வொர்க்கில் எல்லாரும் பேசும் பொது மொழி எம்எஸ்டிபி. அதில் ரீஜன் பெயர், ரிவிஷன் எண், விலான் பட்டியல் மூன்றும் எல்லா சுவிட்சிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். சில பிராண்டுகள் ஸ்பானிங் ட்ரீ அணைந்த நிலையிலேயே பெட்டியிலிருந்து வரும். புது சுவிட்சைச் செருகும் முன் அதையும் பாருங்கள்.

10. மெஷின்களின் வளையத்தில் கை வைக்காதீர்கள்.

அம்பத்தூரிலும் பாடியிலும் உள்ள ஆலைகளில் ஆபீஸ் நெட்வொர்க்கைத் தவிர இன்னொன்று இருக்கும், பிஎல்சி-களையும் மெஷின்களையும் கோத்த வளையம். வேண்டுமென்றே வட்டமாகக் கட்டியிருப்பார்கள். புரொஃபிநெட் கருவிகளில் எம்ஆர்பி என்ற முறை பெரும்பாலும் அதைக் காக்கும். 50 கருவிகள் வரை உள்ள வளையத்தில் ஓரிடம் அறுந்தால் 200 மில்லி நொடிக்குள் மறுபக்கம் திரும்பும். ஸ்பானிங் ட்ரீயின் நொடிக்கணக்கு அங்கே உதவாது, அதற்குள் லைன் நின்றுவிடும். அதனால் வளையப் போர்ட்டுகளில் ஸ்பானிங் ட்ரீ அணைத்தே இருக்கும்.

"இங்கே அணைந்திருக்கிறதே" என்று நல்லது செய்யப்போய் ஏற்றிவிடாதீர்கள். மெயின்டனன்ஸ் அண்ணனைக் கூப்பிட்டு எது வளையப் போர்ட், எது ஆபீஸுக்கு வரும் போர்ட் என்று கேளுங்கள். இரு நெட்வொர்க்கும் ஒரே இடத்தில்தான் சந்திக்க வேண்டும், அதுவும் ரவுட்டரோ ஃபயர்வாலோ நடுவில் நிற்க.

11. மரம் வளர்ந்துகொண்டே போனால் வெட்டுங்கள்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் என்ற பெரிய மருத்துவமனை. 2002 நவம்பர் 13 அன்று அதன் நெட்வொர்க் நின்றது. நான்கு நாள் போல டாக்டர்களும் நர்சுகளும் காகிதத்தில் எழுதி, லேப் முடிவுகளை ஆள் வைத்துக் கொடுத்தனுப்பினார்கள். காரணம் ஸ்பானிங் ட்ரீ. கட்டடம் கட்டடமாகச் சேர்த்துக்கொண்டே போனதில், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏழு சுவிட்சுகளுக்குள் இருக்க வேண்டும் என்ற கணக்கை நெட்வொர்க் தாண்டியிருந்தது. ஒரு நாள் போக்குவரத்து கூடியதும் அது நிலைகொள்ளாமல் போனது. அப்போதைய தகவல் துறைத் தலைவர் ஜான் ஹலாம்கா நடந்ததை மறைக்காமல் உலகத்துக்குச் சொன்னார். மற்ற மருத்துவமனைகள் அதைப் படித்துத் தங்கள் நெட்வொர்க்கைச் சரிபார்த்துக்கொண்டன.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கல்லூரி, மருத்துவமனை, விடுதி என்று விரிந்துகொண்டே போகும் வளாகங்களில் இருப்பவர்கள் இதை நினைவில் வையுங்கள். சுவிட்சுக்குப் பின் சுவிட்ச் என்று சங்கிலியாகக் கோக்காதீர்கள், ஒவ்வொன்றையும் நடுவுக்கு நேராகக் கொண்டுவாருங்கள். கட்டடத்துக்குக் கட்டடம் ரவுட்டிங் வையுங்கள். அங்கே பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு வந்துவிடும், ஒரு கட்டடத்து லூப் அடுத்ததைத் தொடாது. அம்பத்தூரிலேயே இன்று என்டிடி போன்றவர்களின் பெரிய டேட்டா சென்டர்கள் வந்துவிட்டன. அந்த அளவு வேலைக்கு இன்றைய வழக்கம் ரவுட்டிங் மேல் கட்டிய நெட்வொர்க்தான். அங்கே வேலைக்குப் போக ஆசைப்படுகிறவர்களும் ஸ்பானிங் ட்ரீயைத் தாண்டிக்கொண்டு போக முடியாது. எதைத் தவிர்க்க அப்படிக் கட்டினார்கள் என்று தெரியாவிட்டால் அதுவும் புரியாது.

12. அணைக்காதீர்கள், சோதியுங்கள், சேமியுங்கள், எழுதிவையுங்கள்.

எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கிறது, சுவிட்சுக்குள் ரிமோட்டில் நுழைய முடியவில்லை, லாக்கில் ஒரே மேக் இரண்டு போர்ட்டுகளுக்கு நடுவே தாவுகிறது என்றால் லூப். எல்லா சுவிட்சையும் அணைத்துப் போடாதீர்கள். தடயம் போய்விடும், லூப் அங்கேயே இருக்கும். கன்சோல் கேபிளோடு நடு சுவிட்சுக்குப் போங்கள். போக்குவரத்து எண் உச்சத்தில் உள்ள கீழ்ப் போர்ட்டுகளை ஒவ்வொன்றாக மூடுங்கள். எதை மூடியதும் துடிப்பு அடங்குகிறதோ அந்தப் பக்கம் நடந்து போங்கள். அந்தப் பதற்றத்தில் யாராவது "ஸ்பானிங் ட்ரீதான் தொல்லை, அணைத்துவிடலாம்" என்பார். லூப் இருக்கும்போது அணைத்தால் தீயில் நெய்.

சோதனையை ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். ஓடுகிற கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். பிங் எத்தனை தவறுகிறது, மூடிய கேபிள் நிஜமாகவே திறக்கிறதா, திரும்பச் செருகினால் பழைய இடத்துக்கு வருகிறதா? சோதிக்காத இரண்டாவது கேபிளை நம்பி யாரும் நிம்மதியாக இருக்கக் கூடாது.

எழுதியதை உடனே "ரைட் மெமரி" செய்யுங்கள். மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் யுபிஎஸ் தாங்காமல் சுவிட்ச் ஒரு தடவை விழுந்து எழுந்தால், சேமிக்காத வரி எல்லாம் போயிருக்கும். கான்ஃபிகின் நகல் ஒன்று வேறிடத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது தொழிற்பேட்டைக்குள் வெள்ளம் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தரைத்தள ரேக் நனைந்தால், அவசரத்தில் குடோனில் கிடக்கும் பழைய சுவிட்சை எடுத்துச் செருகுவார்கள். அது முன்பு வேறெங்கோ ரூட்டாக இருந்து, உள்ளே 4096 என்றே எழுதியிருக்கக்கூடும். எந்தப் பழைய சுவிட்சையும் கான்ஃபிகை அழித்துவிட்டுத்தான் செருக வேண்டும். அறிவுரை 7-ல் சொன்ன ரூட் கார்ட் அந்த நாளில் உங்களைக் காப்பாற்றும்.

கடைசியாக ரேக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டுங்கள். ரூட் எது, அடுத்தது எது, சாதாரணமாக மூடியிருக்க வேண்டிய போர்ட் எது, கடைசியாகச் சோதித்த தேதி என்ன என்று நாலு வரி போதும். ஒட்டிய பிறகு, நெட்வொர்க் வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஒருவரை அதன் முன் நிறுத்தி, ஏதாவது ஒரு போர்ட்டைக் காட்டி மறுமுனையில் யார் என்று கேளுங்கள். உங்களைக் கூப்பிடாமல் அவர் பதில் சொல்லிவிட்டால் அந்த ரேக்கில் உங்கள் வேலை முடிந்தது. அவர் தயங்கினால் தாளை இன்னொரு தடவை எழுதுங்கள்.